பதினோராவது வாரம்

நான் இருபத்திரண்டு வருடம் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில், விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்தவள். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: படிவத்தில் குறை எழுதினால் படிவம் திரும்பி வரும். "குழாயில் கசிவு உண்டா?" என்ற கேள்விக்கு "சிறிது" என்று நேர்மையாக எழுதிய மனிதர் ஆறு மாதம் நடையாய் நடந்தார். "இல்லை" என்று எழுதியவருக்கு மறுவாரமே இணைப்பு கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

என் கணவர் ஒரு தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டுவது அவர் வேலை. பட்டறையில் மட்டும் இல்லை, எங்கள் தெருவிலும் அவருக்கு "மாஸ்டர்" என்றுதான் பெயர். அவருக்கு ஈரலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் இரத்தக்குழாய்க்குள் போயிருந்தது. மாத்திரை ஒன்று இருக்கிறது என்றார் டாக்டர். எங்கள் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எப்போது பார்த்தாலும் இப்போதுதான் தூங்கி எழுந்தவர் போல, அல்லது தூங்கவே போகாதவர் போல இருப்பார். ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இது நோயைக் குணப்படுத்தாதும்மா. வளர்ச்சியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும். அவ்வளவுதான்."

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஆக நான்கு மாத்திரை. கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு பக்கம். எடுத்த மாத்திரை எத்தனை, கை கால் எரிச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, சாப்பாடு, தூக்கம், இரத்த அழுத்தம் என்று வரிசையாகக் கட்டங்கள்.

"இந்த மருந்தை முதல்ல சோதிச்சுப் பார்த்ததெல்லாம் பொறுக்கி எடுத்த ஆளுங்ககிட்ட. ஈரல் ஓரளவு நல்லா இருக்கிறவங்க, வேற வியாதி இல்லாதவங்க. ஐயா மாதிரி சர்க்கரையும் கெட்டுப்போன ஈரலும் இருக்கிறவங்களுக்கு நிஜத்துல இது எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கும் தெரியணும். அதுக்குத்தான் இந்த நோட்டு. தொந்தரவு இருந்தா மறைக்காம எழுதுங்க. அளவைக் குறைப்போம், ரொம்ப முடியலைன்னா நிறுத்துவோம்" என்றார் டாக்டர்.

அத்தனை சொன்னதில் என் காதில் விழுந்தது கடைசி வார்த்தை ஒன்றுதான். நிறுத்துவோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று படிவம் நிரப்புகிறவளாக நான் ஆனது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வாரமே என் கணவரின் உள்ளங்கை சிவந்துவிட்டது. நான்காவது வாரம் கட்டை விரலின் அடியில், கத்தரிக்கோல் அழுத்துகிற இடத்தில், கொப்புளம். பாதத்திலும் அப்படியே. குளியலறைக்குப் போகக்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் முள் கொட்டிக் கிடப்பது போல நடந்தார். நான் களிம்பு தடவினேன், பஞ்சு வைத்த காலுறை வாங்கி மாட்டினேன், பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எல்லாம் முடிந்ததும் நோட்டை எடுத்து, "கை கால் எரிச்சல்: இல்லை" என்று என் மணியான கையெழுத்தில் எழுதினேன்.

மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போனால், காலி மாத்திரை அட்டைகளை எண்ணி வாங்கிக்கொள்ள ஒரு நர்ஸ் உண்டு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் எண்ணிக்கை நர்ஸ். அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத்தான் எண்ணுவார். முதல் மாதமே என் கணவரின் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், கை இப்படி இருக்கு?"

நான் முந்திக்கொண்டேன். "கத்தரிக்கோல் காய்ப்பும்மா. முப்பது வருஷமா இப்படித்தான்."

என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நர்ஸிடம், "ஆமா, தொழில் கை" என்றார். நர்ஸும் நம்பிவிட்டார். அன்றைக்கு வெளியே வந்து, எப்படிச் சமாளித்தேன் பார்த்தீர்களா என்று நான் பீற்றிக்கொண்டது வேறு.

அதற்குப் பிறகு கை மெல்ல மெல்லத் தேறியது. தோல் உரிவது குறைந்தது. முழுக்க ஆறவில்லை என்றாலும், மறுபடி பட்டறைக்குப் போய் நின்று வெட்டும் அளவுக்கு வந்துவிட்டது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். எட்டாவது வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி கூடவுமில்லை, குறையவுமில்லை. எண்ணிக்கை நர்ஸ் எங்கள் நோட்டை, புதிதாக வந்த ஒரு குடும்பத்திடம் விரித்துக் காட்டி, "பாருங்க, இவங்க முழு அளவும் எடுக்கிறாங்க, ஒரு தொந்தரவும் இல்ல, பயப்படாதீங்க" என்று சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பதினாறு வாரம் முடிந்து, போன வியாழக்கிழமை காலையில் போனோம். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். பார்க்கத் தெரியாத எனக்கே தெரிந்தது. பக்கத்தில் புதிதாக இரண்டு முளைத்திருந்தன.

"மருந்து கை கொடுக்கலம்மா. ஆனா இன்னொண்ணு இருக்கு. இதை எல்லாருக்கும் கொடுக்க மாட்டோம். முதல் மருந்தைத் தாங்கினவங்களுக்கு மட்டும்தான். இதுல கை கால் தொந்தரவு இருக்கும், அதுக்குப் பலர் திணறிடுவாங்க. ஐயாவுக்குத்தான் பதினாறு வாரமும் ஒண்ணுமே இல்லையே, முழு அளவுலயே ஆரம்பிக்கலாம்." நோட்டைத் தட்டிக்காட்டிச் சொன்னார். "இன்னிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை வரட்டும். அரை மணி நேரம் வெளியே உட்காருங்க."

நான் டாக்டரைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் அக்குளில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே நடைபாதையில் சுவரோடு பதித்த இரும்பு நாற்காலிகள். எதிரே கை கழுவும் தொட்டி, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மனிதரின் தோலை நானே உரித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

"என்னங்க, நோட்டுல நான் எழுதினது பூராவும் பொய். தொந்தரவுன்னு எழுதினா மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு பயம். அதான் எல்லாத்துலயும் இல்லைன்னு எழுதினேன்."

"தெரியும்" என்றார். "நீ எழுதறப்போ பக்கத்துலதானே இருப்பேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் தொட்டிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வெகுநாள் மூட்டையை இறக்கி வைக்கிறவர் போலச் சொன்னார். "சாயங்கால மாத்திரை நான் முழுங்கல. நாலாவது வாரத்துலேர்ந்து. பட்டறைல அட்டையைப் பிரிச்சு மாத்திரையை வெட்டுத்துணிக் கழிவு மூட்டைல போட்டுடுவேன். அட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நடைபாதையில் ஆட்கள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "உங்களுக்கு உசுரு விளையாட்டா போச்சா? நான் காலைல எழுந்து மணி பார்த்து மாத்திரை எடுத்துத் தர்றேன், நீங்க குப்பைல போடறீங்களா?"

"சீருடை வேலை வந்துட்டுது. நான் வெட்டலைன்னா பட்டறைல ஆறு மெஷினும் சும்மா நிக்கும். கத்தரியைப் பிடிக்க முடியல. பாதி சாப்பிட்டா பிடிக்க முடிஞ்சுது."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"உன்கிட்ட சண்டை போடத் தெம்பு இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கை தேறியது உடம்பு பழகியதால் இல்லை, மருந்து பாதியானதால். நான் எழுதியது பொய், நான் நம்பியதும் பொய். இப்போது அந்த இரண்டு பொய்யையும் நம்பி, இதைவிடக் கடுமையான மருந்தை முழு அளவில் கொடுக்கப்போகிறார்கள்.

"உள்ளே போய்ச் சொல்லிடலாம்" என்றேன்.

"சொன்னா புது மருந்து கிடையாதுன்னுடுவாங்க. தாங்கினவங்களுக்குத்தான்னு சொன்னாங்கல்ல. அப்புறம் நீதான் அழுவ."

"அழுதுட்டுப் போறேன். எழுந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். நான் உதறிவிட்டு நடந்தேன். கதவருகே திரும்பிப் பார்த்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்துகொண்டிருந்தார்.

டாக்டரிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நாலாவது வாரமே சொல்லியிருந்தா நானே பாதியாக் குறைச்சிருப்பேன்மா. இங்க வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அப்படித்தான் செய்யறோம். குறைச்சா தோத்துட்டோம்னு அர்த்தம் இல்ல. இன்னொண்ணு சொல்றேன், மனசைத் திடப்படுத்திக்கோங்க. கை கால் இப்படி உரியறவங்கள்ல பல பேருக்கு இந்த மருந்து நல்லாவே வேலை செஞ்சிருக்கு. அந்தக் கையை நீங்க காட்டியிருந்தா எனக்கு அது ஒரு நல்ல சேதியாக்கூட இருந்திருக்கும்."

நான் காய்ப்பு என்று சொல்லி மறைத்த கை அது.

அதற்குள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டர் அதைப் படித்து முடிக்கும் வரை காத்திருந்தோம். மஞ்சள் காமாலை அளவு ஏறியிருக்கிறது, ஈரல் தளர ஆரம்பித்துவிட்டது, ஆகவே புது மருந்து எப்படியும் கொடுக்க முடியாது என்றார்.

"பழைய மருந்தே?" என்றேன்.

"கொஞ்சமா கொடுத்துப் பார்க்கலாம். ஆனா எவ்வளவுன்னு சொல்ல எனக்கு உண்மை வேணும். எந்த வாரம் நிஜமா எத்தனை மாத்திரை, உடம்பு எப்படி இருந்துதுன்னு. ரெண்டு பேரும் உட்கார்ந்து புது நோட்டுல எழுதிட்டு வாங்க. நான் காத்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "பழைய நோட்டை வச்சு நாங்க வேற ஆளுங்களுக்கும் தைரியம் சொல்லியிருக்கோம். அதையும் சரி பண்ணணும்."

எண்ணிக்கை நர்ஸ் புது நோட்டு கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார். மருத்துவமனை கேன்டீனில் ஒரு மூலை மேசையைப் பிடித்தோம். தேநீர் வாங்கி வைத்தேன். அவர் தொடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக வெயில் மேசை மேல் விழுந்தது. நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார்.

ஐந்தாவது வாரம் பட்டறைக் கழிப்பறையில் மூன்று தடவை வாந்தி. தையல்காரர்களிடம், வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தாராம். ஆறாவது வாரம் நாக்கில் புண், சுடச்சுட எதுவும் குடிக்க முடியவில்லை. ஏழாவது வாரம் வெட்டு மேசைக்கு அடியில் துணிக்கட்டின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார், தினமும் ஒரு மணி நேரம். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கிறார். ஒன்பதாவது வாரம் நின்றபடியே கால்சட்டையில் வயிற்றுப்போக்கு ஆகிவிட்டது. அதை மட்டும் அவர் என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அவர் வேறு கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. சாயம் கொட்டிவிட்டது என்றார். நானும் சாயத்தைத் திட்டினேன்.

முப்பத்து நான்கு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். இந்த மனிதர் உடம்பில் நடந்தது முழுக்க, பட்டறையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டாம் என்று நான்தான் பார்த்துக்கொண்டேன்.

"பதினோராவது வாரம்?" என்று கேட்டேன்.

"அந்த வாரம் ஒண்ணுமில்ல."

"மறுபடி மறைக்காதீங்க."

"நிஜமா ஒண்ணுமில்ல. எரிச்சல் இல்ல, வயிறு சரியா இருந்துது, நல்லாத் தூங்கினேன்."

"மாத்திரை?"

அவர் தேநீர்க் கோப்பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். "அந்த வாரம் ஒண்ணுகூட முழுங்கல. காலைல நீ கொடுக்கிறதைக் கன்னத்துல அடக்கிக்கிட்டுப் போய்க் குளியலறைல துப்பிட்டேன். ஏழு நாளும். ஒரு வாரம் சும்மா இருந்து பார்க்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

பதினோராவது வாரம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. எப்படி மறப்பேன். அந்த வாரம்தான் அவர் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடு என்றார். வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரை வெட்டி, அவரே உட்கார்ந்து தைத்து மாட்டினார். ஞாயிறு மாலை ஏரிக்கரை வரை நடந்து போனோம். வழி நெடுக எதிரே வருகிறவர்களின் சட்டையைப் பார்த்து, தோள் இறங்கியிருக்கிறது, காலர் கோணியிருக்கிறது என்று கிண்டல் அடித்துக்கொண்டே வந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளுக்குப் போன் செய்தேன். "மருந்து நல்லாக் கேக்குதுடி, உங்கப்பா பழைய ஆளா ஆயிட்டாரு" என்று சொன்னேன்.

நான் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அழுதேன். கேன்டீனில் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. கொஞ்சம் அடங்கிய பிறகு, மாத்திரை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். மற்ற கட்டங்களில் எல்லாம் "இல்லை" என்று எழுதினேன். மிச்ச ஐந்து வாரத்தையும் எழுதி முடித்துக்கொண்டு உள்ளே போனோம்.

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பதினோராவது வாரத்தில் நின்றார். மறுபடி முன் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இந்த வாரம் பூஜ்யமா?"

"ஆமா டாக்டர்" என்றார் அவர்.

டாக்டர் நோட்டை மூடினார். "ரெண்டு வழி இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைன்னு ஆரம்பிச்சு, வாராவாரம் ரத்தம் பார்த்துட்டுப் போகலாம். இப்படி ஆரம்பிச்சு நல்லபடியா ரொம்ப நாள் இருக்கிறவங்க என்கிட்டயே இருக்காங்க. ஆனா அவங்க ஈரல் இதைவிட நல்லா இருந்தது. ஐயாவுக்குச் சில வாரம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இல்ல, இந்த மாத்திரையே வேண்டாம்னா வலி, அரிப்பு, வயித்துல சேர்ற நீர், இதுக்கெல்லாம் நான் கடைசி வரைக்கும் பார்த்துக்கறேன். ரெண்டுமே தப்பு இல்ல. என்னம்மா செய்யலாம்?"

என்னைத்தான் கேட்டார். கேட்காமல் என்ன செய்வார், பதினாறு வாரமாக அந்த அறையில் என் கணவருக்குப் பதிலாக நான்தான் வாய் திறந்திருக்கிறேன். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. கொடுங்கள் என்பதுதான் அது. சில வாரம் என்ன, சில நாள் கூடக் கிடைக்கும் என்றாலும் கொடுங்கள் என்பேன். இப்போது கேட்டாலும் அதுதான்.

"அவரைக் கேளுங்க டாக்டர்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்குப் போதும் டாக்டர்" என்றார். "அந்த வாரம் மாதிரி எத்தனை வாரம் வருதோ, அத்தனை போதும்."

டாக்டர் தலையாட்டினார். எண்ணிக்கை நர்ஸைக் கூப்பிட்டு, மிச்சம் இருக்கிற மாத்திரையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏதாவது சொல்லு" என்றார்.

"எனக்கு இதுல சம்மதம் இல்லைங்க. எனக்கு நீங்க வேணும். எப்படியாவது, எப்படி இருந்தாலும் வேணும்."

"தெரியும்" என்றார்.

நான் அவர் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா" என்றார். "வலிக்குது."

பிடியைத் தளர்த்தினேன்.